காலனிய நியூ இங்கிலாந்தில் பெண்களும் துணியும்: நூற்றது கொஞ்சம், வாங்கியது அதிகம்

கேள்வி இது: அமெரிக்காவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பங்களில் பெண்கள் என்ன உடுத்தினார்கள்? வேண்டிய துணியை எல்லாம் வீட்டிலேயே நூற்று நெய்துகொண்டார்கள் என்கிறார்களே, அது சரியா? வீட்டு வாழ்க்கை எப்படி இருந்தது?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிவானால் மற்ற இரண்டும் விளங்கிவிடும். எல்லாத் துணியையும் வீட்டிலேயே நெய்தார்கள் என்பது 17ஆம் நூற்றாண்டுக்கு அறவே பொருந்தாது. 18ஆம் நூற்றாண்டுக்குப் பாதிதான் பொருந்தும். காலனிகள் பல. நான் பெரும்பாலும் நியூ இங்கிலாந்தை, அதாவது பிளிமத், மாசசூசெட்ஸ் பக்கத்தை வைத்துப் பேசுகிறேன். அங்கே ஆவணங்கள் நிறைய இருக்கின்றன. ஒருவர் இறந்ததும் வீட்டிலிருந்த பொருள்களுக்கு விலை போட்டு எழுதிய சொத்துப் பட்டியல்கள், உயில்கள், நீதிமன்றப் பதிவுகள் எல்லாம் கிடைக்கின்றன. தேவைப்படும் இடத்தில் வர்ஜீனியாவுக்கும் தென் கரோலினாவுக்கும் போய் வரலாம்.

1620இல் மேஃபிளவர் கப்பலில் பிளிமத்துக்கு வந்த 102 பேரில் வயதுவந்த பெண்கள் 18 பேர். முதல் குளிர்காலம் போய் அடுத்த அறுவடை வந்தபோது அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் நான்கே பேர். மிஞ்சியிருந்த சுமார் 50 பேருக்கும் சமையலும் துவைப்பும் அவர்கள் தலையிலும் சில சிறுமிகள் தலையிலும்தான் விழுந்திருக்கும். இந்த நிலையில் லினன் துணிக்கான ஆளிச் செடியை விதைத்து, நார் பிரித்து, நூற்று, தறியில் ஏற்ற யாருக்கு நேரம் இருந்தது? செம்மறி ஆடுகள் வந்து பெருகவும் பல ஆண்டுகள் ஆயின. வந்த ஆடுகளையும் ஓநாய்கள் விட்டுவைக்கவில்லை. ஆகவே மீன், மரம், தோல் இவற்றைக் கொடுத்து இங்கிலாந்திலிருந்து துணி வாங்கினார்கள். கப்பலில் வந்த சரக்கில் துணிதான் முக்கியமான ஒன்று.

1640 வாக்கில் இங்கிலாந்தில் அரசியல் கொந்தளிப்பு தொடங்கியதும் புதிதாகக் குடியேற வருகிறவர்கள் நின்றுபோனார்கள், கப்பல்களும் குறைந்தன. துணிக்குத் தட்டுப்பாடு வந்த பிறகுதான் மாசசூசெட்ஸ் ஆட்சி மன்றம் விழித்துக்கொண்டது. யார்க்ஷயரிலிருந்து வந்த நெசவாளிகள் ரௌலி என்ற ஊரில் 1643இல் கம்பளித் துணியை அடித்து இறுக்கும் ஆலை ஒன்றை நிறுவினார்கள். 1656இல் ஒரு சட்டமே போட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் நூற்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று ஊர்ப் பெரியவர்கள் கணக்கெடுக்க வேண்டும், ஒவ்வொருவரும் ஆண்டில் 30 வாரம், வாரத்துக்கு 3 பவுண்டு நூல் நூற்க வேண்டும், குறைந்தால் அபராதம். பெண்கள் எல்லாரும் ஓயாமல் நூற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இந்தச் சட்டத்தைச் சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. எல்லாரும் நூற்றுக்கொண்டிருந்தால் அபராதம் போட்டு நூற்க வைக்க வேண்டிய தேவை என்ன?

சொத்துப் பட்டியல்களும் இதையே சொல்கின்றன. ராட்டை பல வீடுகளில் இருக்கிறது, தறி அபூர்வம். அந்த நூற்றாண்டில் நெசவு ஆண்களின் தொழில், அதைப் பழக வேண்டும். ஒரு தறிக்கு நூல் கொடுக்க ஐந்தாறு பேர் நூற்க வேண்டும் என்பதால், துணி ஒரே வீட்டுக்குள் தொடங்கி அங்கேயே முடியும் வேலை இல்லை. ஆளிச் செடியை வேரோடு பிடுங்கி, ஊறவைத்து அழுகவிட்டு, கட்டையால் நொறுக்கி, சீப்பில் வாரி நாரெடுப்பது ஒரு வீட்டில் நடக்கும். நூற்பது இன்னொரு வீட்டில். பாவு ஓட்டி நெய்வது வேறொரு வீட்டில். நூல் சிட்டத்துக்கு வெண்ணெய், ஒரு நாள் துவைப்புக்குக் கொஞ்சம் கம்பளி என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்தில் ஆண்கள் தறியை விட்டுவிட, அந்த வேலை மெல்லப் பெண்கள் கைக்கு வந்தது. அது இங்கிலாந்தில் இல்லாத மாற்றம். மெய்ன் பகுதியில் ஹாலோவெல் என்ற ஊரில் மருத்துவச்சியாக இருந்த மார்த்தா பாலர்டு 1785 முதல் 1812 வரை நாட்குறிப்பு எழுதினார். அது காலனிக் காலம் முடிந்த பிறகுதான், ஆனால் வாழ்க்கை முறை பழையதே. அவர் பார்த்த பிரசவங்கள் 816. அவர் வெளியே போக முடிந்ததே வீட்டில் மகள்களும் கூலிக்கு வந்த பெண்களும் நூற்பு, நெசவைப் பார்த்துக்கொண்டதால்தான். இந்தப் பெண்களின் உழைப்புக்கும் துணிக்கும் நடந்த கொடுக்கல் வாங்கல் கணவன்மாரின் கணக்குப் புத்தகத்தில் பெரும்பாலும் இருக்காது. நாட்குறிப்பு கிடைத்ததால் நமக்குத் தெரிகிறது.

சரி, உடுத்தியது என்ன? உள்ளிருந்து வெளியே வருவோம். உடம்போடு ஒட்டி ஒரு லினன் அங்கி, 'ஷிஃப்ட்'. முழங்காலுக்குக் கீழே வரை வரும், இரவில் படுக்கவும் அதுதான். துணி வீணாகாதபடி நீள்சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டித் தைப்பார்கள். கக்கத்தில் ஒரு சதுரத் துண்டு வைத்தால் கை தூக்க வசதி. இன்று நாம் சொல்கிற ஜட்டி கிடையாது. 1800 வாக்கில்தான் அது மெல்லப் பெண்கள் உடையில் சேர்ந்தது. ஷிஃப்டுக்கு மேல் 'ஸ்டேஸ்', திமிங்கிலத்தின் வாயில் இருக்கும் வளையும் தகடுகளை வைத்துத் தைத்த உறுதியான உள்கச்சு. மூச்சு முட்ட இறுக்கினார்கள் என்பது பின்னால் வந்த விக்டோரிய காலத்துக் கதை. காலனியில் அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் சுமந்தார்கள், மாவு பிசைந்தார்கள். பாரம் தூக்கும்போது முதுகுக்கு அது தாங்கல்கூட. சிறுபிள்ளைகளுக்கும் ஸ்டேஸ் உண்டு. பையன்களும் ஆறு வயது வாக்கில் கால்சட்டை போடும்வரை கவுன்தான்.

அதற்கு மேல் பாவாடை, குளிர்காலத்தில் இரண்டு மூன்று. பாவாடைக்குப் பை தைப்பதில்லை. நாடாவில் கோத்த துணிப்பையைப் பாவாடைக்குள்ளே இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். பாவாடையின் பக்கவாட்டுப் பிளவு வழியாகக் கையை விட்டு எடுக்கலாம். சாவி, கத்தரி, நூலுருண்டை எல்லாம் அதில் இருக்கும். மேலே ஒரு குட்டைச் சட்டை அல்லது தொளதொள கவுன், கழுத்தில் கைக்குட்டை, முன்னால் ஏப்ரன், தலையில் லினன் தொப்பி. பொத்தான் குறைவு, குண்டூசிதான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தியது. அந்தக் குண்டூசியும் கப்பலில் வந்த சரக்கு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தனி உடை கிடையாது. முன்பக்க முடிச்சைத் தளர்த்தி, ஏப்ரனை அகலமாகக் கட்டிக்கொண்டால் முடிந்தது. ஏழெட்டுப் பிரசவம் சகஜமான காலத்தில் எந்த உடையும் அப்படி விரிந்து சுருங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கறுப்பு கவுன், வெள்ளைக் காலர் என்று பியூரிட்டன்களை, அதாவது அங்கே குடியேறிய கண்டிப்பான கிறித்தவப் பிரிவினரைக் காட்டும் படத்தையும் கொஞ்சம் கலைக்க வேண்டும். நல்ல கறுப்புச் சாயம் விலை அதிகம். ஞாயிறு வழிபாட்டுக்கும் வசதியானவர்களுக்கும் அது. பிளிமத்தில் 1631இல் இறந்த மேரி ரிங் என்ற விதவையின் உடைப் பட்டியலில் சிவப்பும் ஊதாவும் நீலமும் இருக்கின்றன. ஆட்சியாளர்களைத் தொந்தரவு செய்தது நிறம் இல்லை, தகுதிக்கு மீறின உடைதான். 1634இல் தங்க, வெள்ளி, பட்டு லேசுக்குத் தடை. சட்டைக் கையில் உள்துணி தெரிய வெட்டிவிடும் நாகரிகத்தில்கூடக் கைக்கு ஒரு வெட்டுக்கு மேல் கூடாது. 1651இல் 200 பவுண்டுக்குக் குறைந்த சொத்துள்ளவர்கள் பட்டு முக்காடு அணியக் கூடாது என்று ஆனது. நியூபரி ஊரில் 1653இல் பட்டு முக்காடு போட்டதற்காகச் சில மனைவிமார்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். கணவனுக்கு 200 பவுண்டு சொத்து இருக்கிறது என்று நிரூபித்ததும் வழக்கு தள்ளுபடி! இன்னொருத்தி உயர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவள் என்று சாட்சி வந்ததும் விட்டுவிட்டார்கள். 1676இல் நார்தாம்ப்டனில் ஹன்னா லைமன் என்ற பெண்ணைப் பட்டு அணிந்து பகட்டியதற்காகக் கூப்பிட்டார்கள். அவள் அதே பட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்து நின்றாளாம். இந்தச் சட்டத்துக்கு அதற்குமேல் ஆயுள் இல்லை.

இவ்வளவு சண்டைக்குக் காரணம், துணி அப்போது சொத்து. நிலமும் மாடும் ஆண்கள் பெயரில். ஆங்கிலேயப் பொதுச் சட்டப்படி திருமணமானதும் மனைவியின் அசையும் பொருளும் கணவனுடையது. விதவைகள் எழுதிய உயில்களில் மூத்தவளுக்கு இந்தப் பாவாடை, தங்கை மகளுக்கு அந்த ஏப்ரன் என்று ஒவ்வோர் உடையையும் தனித்தனியாகக் குறிப்பிட்டிருப்பதைப் பார்த்தால், தங்கள் கையில் உண்மையாக இருந்தது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது புரியும். வர்ஜீனியாவில் இது இன்னும் அப்பட்டம். 1621இல் வர்ஜீனியா கம்பெனி 57 பெண்களை அங்கே குடியேறியவர்களுக்கு மனைவியாக அனுப்பியது. கட்டிக்கொள்பவன் ஒரு பெண்ணுக்கு 150 பவுண்டு எடையுள்ள நல்ல புகையிலை தர வேண்டும். கம்பெனி ஒவ்வொரு பெண்ணுக்கும் பாவாடை, மேல்சட்டை, உள்ளங்கி இரண்டு, காலுறை, கையுறை, தொப்பி, ஏப்ரன், செருப்பு என்று ஒரு மூட்டை கொடுத்து அனுப்பியது. கம்பெனி அதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டது.

துணியும் தையலும் எப்படிப் பணமாகப் புழங்கின என்பதற்கு மேரி ரௌலண்ட்சனைவிட நல்ல சாட்சி இல்லை. லங்காஸ்டர் ஊர்ப் போதகரின் மனைவி. குடியேறிகள் நிலத்தைப் பிடித்துக்கொண்டே போனதால் மூண்ட போரில், 1676 பிப்ரவரியில், பழங்குடிப் படை அந்த ஊரைத் தாக்கி இவரைப் பிடித்துப் போனது. பதினோரு வாரம் கைதியாக அலைந்தார். அந்த நாட்களில் அவரைக் காப்பாற்றியது ஊசியும் பின்னல் கம்பியும். ஆங்கிலேயர்கள் 'கிங் ஃபிலிப்' என்று அழைத்த பழங்குடித் தலைவர் மெட்டகாமின் மகனுக்கு ஒரு சட்டை தைத்தார். ஒரு ஷில்லிங் கிடைத்தது. அதில் குதிரை இறைச்சி வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் அதே பையனுக்கு ஒரு தொப்பி தைத்ததற்கு மெட்டகாம் விருந்துக்கு அழைத்து, கரடிக் கொழுப்பில் பொரித்த இரண்டு விரல் அகல அப்பம் கொடுத்தார். காலுறையும் பின்னிக் கொடுத்திருக்கிறார். இன்னொரு விஷயமும் அவருடைய விவரிப்பில் இருக்கிறது. அவரை வைத்திருந்த தலைவி வீட்டமூ ஒரு நடனத்துக்கு உடுத்தியதை அவர் உன்னிப்பாகப் பார்த்து எழுதியிருக்கிறார்: ஐரோப்பியக் கம்பளிக் கோட்டு, அதன்மேல் கடற்சிப்பி ஓட்டு மணிகளைக் கோத்த பட்டைகள், சிவப்புக் காலுறை, வெள்ளைக் காலணி. துணி வாணிபம் இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்திருந்தது.

வீட்டு வேலையில் பலரும் சமையலைத்தான் முதலில் நினைப்பார்கள். மக்காச்சோளமும் கோதுமைக்கு உறவான ரை தானியமும் கலந்த ரொட்டி, உப்பிட்ட பன்றி, பட்டாணிக் கூழ், வீட்டில் காய்ச்சிய இளம் பீர்; கோடையில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும், குளிர்காலத் தொடக்கத்தில் பன்றி அடித்து உப்பிடுவதும் மெழுகுவத்தி வார்ப்பதும். பாவாடையில் தீப்பிடித்துச் செத்த பெண்கள்தான் பிரசவத்துக்கு அடுத்தபடி அதிகம் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. கம்பளி எளிதில் பற்றாது. அடுப்பருகே வேலை செய்யும்போது பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொள்ளவும் அவர்களுக்குத் தெரியும். உயிரை வாங்கியது பெரும்பாலும் காய்ச்சலும் தொற்றும்தான்.

என்னைக் கேட்டால் பெரிய சுமை துவைப்பு. விறகுச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்த காரநீரை லினன்மேல் சூடாகத் திரும்பத் திரும்ப ஊற்றி வெளுப்பார்கள், ஏறக்குறைய நம் வெள்ளாவி மாதிரி. அதே காரநீரைக் கொழுப்போடு காய்ச்சினால் சோப்பு. கம்பளிப் பாவாடையும் ஸ்டேஸும் தண்ணீரையே பார்ப்பதில்லை. வியர்வையைக் குடித்து அடிக்கடி மாறியது ஷிஃப்ட் மட்டும். அதனால் ஒரு பெண்ணிடம் எத்தனை ஷிஃப்ட் இருந்தது என்பதே அவள் துவைப்பை எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம் என்பதைத் தீர்மானித்தது. லினன் உருப்படிகளில் குறுக்குத் தையலில் பெயரெழுத்தும் எண்ணும் போடுவார்கள். சிறுமிகள் எழுத்துக்களைத் துணியில் தைத்துப் பழகியது அதற்குத்தான். பிளிமத் படைத்தலைவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷின் மகள் லோரா தைத்த மாதிரித் துணி 1653 வாக்கிலானது; அமெரிக்காவில் கிடைத்தவற்றில் அதுதான் பழையது. படிக்கத் தெரிந்தும் பேனா பிடித்து எழுதத் தெரியாத பெண்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் எழுதிய எழுத்து ஊசியால்தான்.

இந்தத் துவைப்பு விவகாரத்திலிருந்து நேராக நம் கரைக்கு வந்துவிடலாம். லினனில் சாயம் எளிதில் பிடிக்காது. கம்பளி, பட்டு இரண்டையும் காரநீரில் போட முடியாது. ஆகவே ஐரோப்பியப் பெண்ணுக்கு நிறமும் துவைப்பும் ஒரே துணியில் கிடைப்பது அபூர்வம். மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை சோழமண்டலக் கரைக் கைவினைஞர்கள் படிகாரமும் சாயவேரும் கொண்டு பருத்தியில் ஏற்றிய சிவப்பு எத்தனை துவைத்தாலும் போகவில்லை. இலண்டன் அப்படியே மயங்கியது. உள்ளூர் கம்பளி, பட்டு நெசவாளிகள் கொதித்தார்கள். 1719இல் காலிகோ என்ற இந்தியப் பருத்தித் துணியை உடுத்திய பெண்களை இலண்டன் தெருக்களில் மறித்து உடையைக் கிழித்தார்கள். 1700இல் சாயமிட்ட இந்தியத் துணியை உள்நாட்டு உபயோகத்துக்கு இறக்குவதைத் தடைசெய்திருந்த பாராளுமன்றம், 1721இல் அச்சிட்ட பருத்தியை உடுத்துவதையே பெரும்பாலும் தடைசெய்தது. மறு ஏற்றுமதிக்கு மட்டும் தடை இல்லை. விளைவு வேடிக்கையானது: இலண்டன் சீமாட்டி சட்டப்படி உடுத்த முடியாத பூப்போட்ட பருத்தியைப் பாஸ்டன் கடைக்காரர் மனைவி உடுத்தலாம்.

பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து, சொந்த வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்தவர். 1718இல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு அவர் புத்தகங்களோடு ஒன்பது பொதி சரக்கு அனுப்பினார். பொதிகளில் மஸ்லினும் காலிகோவும் இருந்தன. சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதன் கட்டடச் செலவில் ஒரு பங்கைப் பாஸ்டன் பெண்கள் வாங்கிய கவுன் துணி கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

தெற்கே போனால் யார் எதை உடுத்தலாம் என்பது இன்னும் கொடூரமான கணக்கு. தென் கரோலினாவின் 1740ஆம் ஆண்டு அடிமைச் சட்டம், அடிமைகள் அணியக்கூடிய துணிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது: முரட்டுக் கம்பளி, ஆஸ்னபர்க் என்ற சொரசொரப்பான லினன், கட்டம் போட்ட துணி, மட்டரக காலிகோ. அதைவிட நல்லதை ஓர் அடிமைப் பெண் அணிந்திருந்தால் பறிமுதல் செய்யலாம். நீலச் சாயத்தைக் கரோலினாவின் பெரிய பயிராக்கியவர் என்று எலைசா லூகாஸைப் பாராட்டுவது வழக்கம். தந்தை ஆண்டிகுவா போனபின் பதினாறு வயதில் தோட்டங்களைக் கவனிக்கத் தொடங்கி, 1744இல் நல்ல விளைச்சல் கண்டார் என்பது உண்மை. அவுரியை வெட்டித் தொட்டியில் ஊறப்போட்டு, நாற்றத்தில் நின்று அடித்துக் கலக்கியவர்கள் அடிமைகள் என்பதும் உண்மை. நீலக் கட்டி நியூ இங்கிலாந்து வீடுகளுக்கும் போனது. அங்கே அடுப்போரம் ஒரு மூடிய பானையில் பழைய சிறுநீரில் நீலத்தைக் கரைத்து வைத்திருப்பார்கள். புளித்த சிறுநீரின் காரத்தில்தான் நீலம் கரைந்து நூலில் ஏறும். வீட்டிலேயே நூற்ற நூலுக்கும் சாயம் கடையிலிருந்துதான் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் கைநூற்புப் பெண் என்ற படம் எங்கிருந்து வந்தது? முதல் பங்கு அரசியலுக்கு. 1760களில் பிரிட்டன் வரி போட்டதும் இறக்குமதிப் புறக்கணிப்பு தொடங்கியது. 1768 முதல் 1770 வரை நியூ இங்கிலாந்து முழுக்கப் பெண்கள் ராட்டையைத் தூக்கிக்கொண்டு போதகர் வீட்டு முற்றத்தில் கூடி, காலை முதல் மாலை வரை நூற்று, நூலை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். பத்திரிகைகள் எத்தனை சிட்டம் என்று எண்ணி எழுதின. ஹார்வர்டில் 1768இல் பட்டம் பெற்ற மாணவர்கள் உள்ளூர்த் துணியில் வந்தார்கள். அதில் செய்தியாகும் அளவுக்குப் புதுமை இருந்தது என்றால், வழக்கம் என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாவது பங்கு 19ஆம் நூற்றாண்டின் ஏக்கத்துக்கு. ஆலைத் துணி வந்து ராட்டைகள் மச்சுக்குப் போய்விட்டன. 1864இல் புரூக்ளின் கண்காட்சியிலும், 1876இல் ஃபிலடெல்ஃபியா நூற்றாண்டு விழாவிலும் 'பழைய நியூ இங்கிலாந்துச் சமையலறை' என்று ஒன்றை அமைத்து, பழங்கால வேடமிட்ட பெண்களை ராட்டையோடு உட்காரவைத்தார்கள். மச்சில் ராட்டை கிடைத்தது. ஷிஃப்டும் ஏப்ரனும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவை தேயத் தேயப் பிள்ளைத் துணியாகி, கரித்துணியாகி, கடைசியில் காகித ஆலைக்குப் போயிருந்தன. இன்று அருங்காட்சியகத்தில் இருப்பதும் பெரும்பாலும் பத்திரப்படுத்திய பட்டுக் கவுன்கள்தான். அன்றாட உடை வேண்டுமென்றால் 18ஆம் நூற்றாண்டுப் பத்திரிகை விளம்பரங்களைப் பாருங்கள். ஒப்பந்த வேலையிலிருந்தோ அடிமைத்தனத்திலிருந்தோ தப்பி ஓடிய பெண்ணைப் பிடித்துத்தரச் சொல்லும் எஜமானர்கள், அவள் உடுத்தியிருந்தது, கையோடு எடுத்துப் போனது, பாவாடையின் நிறம், கைக்குட்டையின் கட்டம் வரை எழுதியிருப்பார்கள்.